த்ராட்டில் பாடி வேலைக்குப் பிறகு: என் பெட்ரோல் காரின் ஐட்லிங் அனுபவம்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நான் பல ஆண்டுகளாக ஓட்டிவரும் அதே மாடல் பெட்ரோல் காரைப் பழையதாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். மைலேஜும் இடவசதியும் அவருக்குத் தெரிந்தவையே. ஆகவே ஐட்லிங்கைப் பற்றி, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் ஓடும் விதத்தைப் பற்றி, மட்டும் எழுதுகிறேன்.

அதில் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் இறங்கிவரும் பேருந்துக்கு வழிவிட்டு நிற்கும்போது, ஏசி கம்ப்ரஸரின் சுமை சேர்ந்தாலும் எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் அசைவதில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைத் திறந்தால், காற்று மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாயை) நிரப்பிச் சிலிண்டருக்குள் சேர நேரம் பிடிக்கும்; தீப்பொறி விழும் நேரத்தையோ அடுத்த எரிப்பிலேயே மாற்றிவிடலாம். 800 ஆர்பிஎம்மில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் அந்த அடுத்த எரிப்பு 37.5 மில்லிவினாடியில் வந்துவிடுகிறது. இதற்காகவே எஞ்சின் கம்ப்யூட்டர் ஐட்லிங்கில் தீப்பொறியை வேண்டுமென்றே சற்றுத் தாமதப்படுத்தி, கொஞ்சம் முறுக்குவிசையை (டார்க்) கையிருப்பாக ஒதுக்கி வைக்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டரின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி அடாப்டரைப் பொருத்திக் கைபேசியில் பார்த்தால், 8 டிகிரியில் நின்ற அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு எத்தனை டிகிரி கிராங்க் சுழற்சிக்கு முன்பே தீப்பொறி விழுகிறது என்ற அளவு) ஏசி பொத்தானை அழுத்தியதும் 15-க்குத் தாவுவதும், காற்று வந்து சேர்ந்தபின் மெல்ல இறங்குவதும் தெரியும்.

என் கோபமும் இதே திறமையின் மேல்தான். அண்மையில் சேலத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தவர்கள், கரி படிந்து காற்றுவழி குறுகியிருந்த காலத்தில் அதை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த கூடுதல் திறப்பளவை அழிக்காமலே வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். தேவைக்கு மேல் காற்று உள்ளே போனது. ஆர்பிஎம்மை அடக்க டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) மைனஸ் 4 டிகிரிக்குப் போயிருந்தது, அதாவது பிஸ்டன் உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கிய பிறகே தீப்பொறி. காதுக்கு ஐட்லிங் சுத்தமாகவே இருந்தது. செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லை. ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் பெட்ரோலின் சக்தி கிராங்கைச் சுழற்றாமல் வெறும் சூடாகச் சைலன்சர் வழியே போய்க்கொண்டிருந்தது. மறுபடி கொண்டுபோய்க் காட்டியபோது, டைமிங் ஆடுகிறது, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றுங்கள் என்றார்கள். ஐட்லிங்கில் டைமிங் ஆடுவதுதான் அதன் வேலை! வேறிடத்தில் ஸ்கேனர் வைத்து ஐட்லிங்கை மறுபடி பழக்கியதும், எந்த உதிரிபாகமும் மாற்றாமல், அட்வான்ஸ் 8 டிகிரிக்குத் திரும்பிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் குற்றம் ஒர்க்‌ஷாப்புடையதே, வண்டியுடையதன்று. ஆயினும் காற்றுப் பக்கத்துக் கோளாறை டைமிங்கால் இவ்வளவு நன்றாக மறைத்துவிட்டு ஓட்டுநருக்கு ஒரு சொல்லும் சொல்லாத வண்டியை, ஒவ்வொரு பழுதுக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வர வேண்டிய நண்பருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். என் வண்டியை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை.