முழுமுக மாஸ்கா, சாதா மாஸ்கா? கடலுக்குள் பார்க்கக் கிளம்பும் முன்

கவிழ்ந்து மிதந்தபடி மீன் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சாமான் தேடுபவர் கண்ணில் இப்போது முதலில் படுவது முழுமுக மாஸ்க்தான். நெற்றி முதல் தாடை வரை மூடிக்கொள்ளும், உச்சியில் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். 2014இல் டெகாத்லான் என்ற விளையாட்டுச் சாமான் நிறுவனம் ஈசிபிரீத் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்த பிறகு, அதே வடிவத்தில் பலரும் செய்து விற்கிறார்கள். இன்னொரு பக்கம் பழைய ஜோடி: கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடும் சாதா மாஸ்க், வாயில் கவ்விக்கொள்ளும் ஸ்நார்கெல் குழாய்.

முழுமுக மாஸ்கின் கவர்ச்சி புரிகிறது. மூக்கால் வழக்கம்போல மூச்சு விடலாம். ரப்பரைக் கடித்துத் தாடை வலிக்காது, குழாய் நாக்கில் பட்டுக் குமட்டாது. பார்வைப் பரப்பு அகலம். உள்ளே வரும் காற்று கண்ணாடியைத் தொட்டுப் போவதால் ஆவி படிவதும் குறைவு. தண்ணீருக்குப் பயப்படுபவர்களுக்கு இதெல்லாம் பெரிய தைரியம்.

சிக்கல், ஒரு சிப்பியைக் கிட்டத்தில் பார்க்கலாமே என்று கீழே குனியும்போது தொடங்குகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், இரண்டு மூன்று மீட்டரிலேயே காது வலிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காதுக்குள் அழுத்தம் சமனாகிவிடும். முழுமுக மாஸ்கில் மூக்கு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது, எப்படிப் பிடிப்பது? உள்ளே அடைபட்டிருக்கும் காற்றும் அதிகம் என்பதால் முகத்தை மேலே தூக்கும், ஆழம் போனால் முகத்தில் அழுந்தும். சாதா மாஸ்கில் மூக்குப் பகுதி மெத்தென்ற சிலிகான், விரலால் பிடிக்கலாம். மாஸ்க் முகத்தை அழுத்தினால் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட்டால் போதும். (நீச்சல் கண்ணாடியோடு முங்கக் கூடாது என்பதும் இதனால்தான். மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்று விட வழியில்லை.)

அடுத்தது மூச்சு. நல்ல முழுமுக மாஸ்கில் உள்ளே வரும் காற்றுக்கு ஒரு வழி, வெளியேறும் காற்றுக்கு வேறு வழி, நடுவில் ஒருவழி வால்வுகள். மூக்கும் வாயும் இருக்கும் சின்ன அறையின் விளிம்பு முகத்தோடு ஒட்டாவிட்டாலோ, வால்வு மட்டமானதாக இருந்தாலோ, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தலைவலி, படபடப்பு, தலைச்சுற்றல் என்று போகும். பெரியவர்கள் அளவைச் சிறிய முகத்துக்கு மாட்டினால் இந்த ஆபத்து கூடும். சாதா குழாயிலும் பழைய காற்று கொஞ்சம் தங்கத்தான் செய்யும். ஆனால் மூச்சு முட்டுகிறது என்று தோன்றினால் ஒரே நொடியில் வாயிலிருந்து துப்பிவிடலாம். முழுமுக மாஸ்கையோ பதற்றத்தில் பட்டையோடு கழற்ற வேண்டும்.

அதனால் என் கட்சி சாதா மாஸ்க். அமைதியான, ஆழமில்லாத நீரில் மேலேயே மிதப்பேன், வேகமாக நீந்த மாட்டேன் என்பவர் நல்ல முழுமுக மாஸ்க் வாங்கினால் தப்பில்லை. என்றாவது முங்கிப் பார்க்கும் எண்ணம் இருப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். நாளைக்கு ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு முங்குவது, பழகப் போனாலும் சாதா மாஸ்க் கூடவே வரும். முழுமுக ஸ்நார்கெல் மாஸ்கில் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி) வாயில் வைக்கவே முடியாது. ஸ்கூபாவுக்கென்று தனியாக முழுமுக மாஸ்க் உண்டு, அது வேறு சாமான், வேறு பயிற்சி.

சாதா மாஸ்கில் விலையைவிட முகப்பொருத்தம் முக்கியம். பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் சரி. முடிக்கற்றையோ மீசையோ இடையில் புகுந்தால் ஒழுகும். கண்ணாடி டெம்பர்டு (சூடாக்கிப் பலப்படுத்திய) வகையாக இருக்க வேண்டும். புதிதில் அதன்மேல் படலம் இருக்கும், பற்பசையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால்தான் ஆவி படிவது அடங்கும். முழுமுக மாஸ்கில் இந்த வைத்தியம் கூடாது, பிளாஸ்டிக் கீறிவிடும்.

குழாயில் யோசித்துத் தேர்ந்தெடுக்க அதிகமில்லை. குழாயின் உச்சியில் மிதவை வால்வு உள்ள டிரை வகையில் தண்ணீர் அவ்வளவாக நுழையாது, ஆனால் மணலோ உப்போ ஒட்டினால் வால்வு சிக்கிக்கொள்ளும். அலைத்தடுப்பும் அடியில் ஊதி வெளியேற்றும் வால்வும் உள்ள செமி-டிரை பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸில், எந்த மாதிரி இடத்தில் இறங்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி. படகிலிருந்து வெதுவெதுப்பான நீரில் குதிப்பவருக்கு வெறுங்காலில் மாட்டும் முழுப்பாத ஃபின்ஸ் லேசானது, எடுத்துப் போகவும் சுலபம். பாறைக் கரையில் நடந்து இறங்குபவருக்கும் குளிர்நீரில் போகிறவருக்கும் குதிகால் திறந்த, பட்டை வைத்த வகைதான் வேண்டும், உள்ளே நியோப்ரீன் (மெத்தென்ற ரப்பர்) பூட்ஸோடு. தகடு நடுவில் பிளந்த ஸ்பிளிட் ஃபின்ஸ் முழங்காலுக்கு இதம் என்பார்கள். மேலும் கீழுமாக உதைக்கும்போது உண்மைதான். தவளைபோலக் காலை விரித்து உதைப்பதற்கும் பின்னோக்கி நகர்வதற்கும் அது சொத்தை.

ஸ்கூபாவுக்கு வந்தால் செலவு வேறு தளத்துக்குப் போய்விடும், ஆரம்பத்தில் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். மிதவை ஜாக்கெட்டில் இரண்டு வகை. உடம்பைச் சுற்றிக் காற்றுப்பை உள்ள ஜாக்கெட், மேற்பரப்பில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். பை முதுகில் மட்டும் இருக்கும் விங், நீருக்குள் உடம்பைக் கிடைமட்டமாக வைக்கும், ஆனால் மேலே வந்து நிறையக் காற்று ஏற்றினால் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் சாய்க்கும். கற்றுக்கொள்ளும்போது ஜாக்கெட், படம் எடுக்கவும் பவளத்தைத் தொடாமல் மிதக்கவும் ஆசை வந்த பிறகு விங்.

ரெகுலேட்டரைச் சிலிண்டர் வால்வில் மாட்ட இரண்டு வகை: யோக் என்பது வெளியிலிருந்து கவ்வி இறுக்குவது, டின் என்பது வால்வுக்குள்ளேயே திருகி ஏற்றுவது. யோக் 232 பார் (காற்றழுத்த அளவு) வரைதான், 300 பார் சிலிண்டருக்கு டின் ஒன்றே வழி. காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், டின்னில் உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். சொந்தமாக வாங்கினால் டின் வாங்கி, யோக் அடாப்டர் ஒன்றைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பரவலாகக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் நிரப்பிய காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை. அது தீரத் தீர சிலிண்டர் மிதக்க ஆரம்பித்து ஆளை மேலே இழுக்கும். எஃகு சிலிண்டரும் அதே காற்றை இழக்கிறது, இருந்தாலும் பெரும்பாலும் கடைசிவரை கனமாகவே இருக்கும், அதனால் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடை குறைவாகப் போதும். பராமரிக்காவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும், அதுதான் அதன் பலவீனம். எதுவானாலும் ஈய எடையை நிறைந்த சிலிண்டரோடு மட்டும் சரிபார்த்துவிட்டுப் போகாதீர்கள். 50 பார் அளவுக்குக் காற்று குறைந்த நிலையில், 5 மீட்டரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மேலே இழுத்தால் ஒரு கிலோ கூட்டுங்கள், அடியில் இழுத்தால் ஒரு கிலோ எடுங்கள்.