குப்பை எரிக்கும் பாய்லரில் எந்த ஓவர்லே: 625-ஆ, 686-ஆ, 310-ஆ?

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையில் பாய்லர் குழாயைத் தின்பது குளோரின். பிவிசியிலிருந்தும் உப்பிலிருந்தும் கிளம்பி, பொட்டாசியம், துத்தநாகம், ஈயத்தோடு சேர்ந்து சாம்பலாகக் குழாயில் அப்பிக்கொள்ளும். பொட்டாசியம் குளோரைடு தனியாக 770 டிகிரியில்தான் உருகும். துத்தநாக குளோரைடு கலந்துவிட்டால் 230 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். உருகிய உப்பு ஆக்சைடு படலத்தைக் கரைத்தபின் கார்பன் ஸ்டீல் தாங்காது. அதனால்தான் பல ஆலைகள் நீராவியை 40 பார், 400 டிகிரியோடு நிறுத்திக்கொள்கின்றன. அழுத்தம் ஏற ஏற, உலைக்குச் சுவராக நிற்கும் தண்ணீர்க் குழாயும் (வாட்டர் வால்) சூடாகும்: 40 பாரில் தண்ணீர் கொதிப்பது 250 டிகிரியில், 130 பாரில் 330-இல்.

குழாயின் மேல் அரிப்பைத் தாங்கும் உலோகத்தை வெல்டிங் செய்து போர்த்துவதுதான் ஓவர்லே. வாட்டர் வாலுக்கு என் தேர்வு அலாய் 625 வெல்ட் ஓவர்லேதான். குரோமியம் 20-23, மாலிப்டினம் 8-10 சதவீதம், மீதி பெரும்பாலும் நிக்கல். இரும்பு குளோரைடு எளிதில் ஆவியாகிப் பறந்துவிடும், நிக்கல் அவ்வளவு சுலபமாகப் போகாது. ஆனால் வெல்டிங் செய்யும்போது அடியிலுள்ள ஸ்டீலின் இரும்பு மேலே கலக்கும். ஓவர்லே செய்த குழாயைக் குறுக்கே அறுத்து, பாலிஷ் போட்டு, அமிலத்தில் நனைத்துப் பாருங்கள். வரிவரியாக வெல்ட் மேடுகள், நடுவே பள்ளங்கள் தெரியும். அரிப்பு பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் ஆரம்பிக்கும். மேற்பரப்பில் இரும்பு 5 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. 15-ஐத் தொட்டால் 625-க்குக் கொடுத்த காசு வீண்.

622, 686 இரண்டும் நிக்கல் அலாய்தான். 622-இல் மாலிப்டினம் சுமார் 13, 686-இல் 16 சதவீதம். உருகிய உப்பு படியும் இடத்தில் இரண்டும் 625-ஐவிட ஒரு படி மேல், விலையும் மேல். ஆனால் நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர் ஹீட்டரில், உலோகச் சூடு 420 டிகிரியைத் தாண்டும் இடத்தில், எந்த அலாயும் முழுக் காப்பு இல்லை. அங்கே முதலில் வாயுவின் சூட்டைக் குறைத்து அனுப்புங்கள், அப்புறம் அலாயைப் பற்றிப் பேசலாம்.

310 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மலிவு. குரோமியம் 25, நிக்கல் 20, மீதி பாதிக்கு மேல் இரும்பு. குளோரின் தின்ன அந்த இரும்பே போதும். காய்ந்த சாம்பல் மட்டும் படியும் இடத்தில் வைக்கலாம்.

உருக்கிய உலோகத்தைத் தெளிக்கும் தெர்மல் ஸ்பிரே பூச்சு தளத்திலேயே சீக்கிரம் முடியும். ஆனால் குழாயின் உலோகத்தோடு உருகி ஒட்டுவதில்லை. நுண்துளை வழியே வாயு அடியில் புகுந்துவிட்டால் தகடாக உரியும். அடுத்த ஷட்டவுன் வரை சமாளிக்க மட்டும் சரி.

எந்த அலாய் வாங்கினாலும், உலோகத்தில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் பிஎம்ஐ கருவியை மேட்டில் வைத்ததோடு விடாதீர்கள். பள்ளத்திலும், வெல்டிங்கை நிறுத்தித் திரும்பத் தொடங்கிய இடத்திலும் வைத்து இரும்பு எத்தனை என்று எழுதி வாங்குங்கள்.