சாந்தரேம்: போர்ச்சுகலிலா, பிரேசிலிலா?

ஒரே பெயரில் 2 ஊர்கள். சுற்றிப் பார்க்க எதற்குப் போவது? ஒன்று லிஸ்பனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில், டேகஸ் ஆற்றை மேலிருந்து பார்க்கும் மேட்டில் இருக்கிறது. மற்றொன்று அமேசான் கரையில்.

போர்ச்சுகல் சாந்தரேமை 1147-ல் மன்னர் அஃபோன்சோ என்ரிக்கஸ், அப்போது அதை ஆண்ட முஸ்லிம்களான மூர்களிடமிருந்து கைப்பற்றினார். அதே ஆண்டு லிஸ்பனும் அவர் வசமானது. அங்குள்ள கிராசா தேவாலயத்தில் பெத்ரோ ஆல்வரஸ் கப்ராலின் கல்லறை இருக்கிறது. 1500-ல் பிரேசில் கரையைத் தொட்டுவிட்டு, அதே பயணத்தில் நம் கோழிக்கோட்டுக்கும் வந்தவர். கோட்டைப் பூங்காவிலிருந்து ஆற்றுச் சமவெளியையும் பார்த்துவிட்டால், அரை நாளில் ஊர் முடிந்துவிடும்.

பிரேசில் சாந்தரேமுக்கு அரை நாள் போதவே போதாது. 1661-ல் இயேசு சபையினரின் மிஷனாகத் தொடங்கிய ஊர் இது. ஊருக்கு எதிரிலேயே தபஜோஸ் ஆற்றின் நீலப்பச்சைத் தண்ணீரும் அமேசானின் கலங்கிய பழுப்பு நீரும் சேர்கின்றன. ஆனால் உடனே கலப்பதில்லை. நடுவே கோடு கிழித்தது போல நெடுந்தூரம் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அப்புறம், ஆற்றில் நீர் வற்றும் மாதங்களில் பக்கத்திலுள்ள ஆல்டர் டோ ஷாவோ என்ற ஊரில் வெண்மணல் திட்டுகள் வெளியே தெரியும்.

வரலாற்றுக் கட்டடங்களே போதும் என்பவர்களுக்குப் போர்ச்சுகல் சரி. என் ஓட்டு பிரேசிலுக்குத்தான். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளைத் திரட்டி லண்டனுக்குக் கொண்டுபோனது இந்தத் தபஜோஸ் பகுதியிலிருந்துதான். அவற்றிலிருந்து வளர்ந்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. பின்னாளில் அங்கே எழுந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள்.