துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துத் தருகிறோம் என்று வந்தால் உஷார்! எனக்கு 85,000 போச்சு

தொண்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை நெருங்கினால் ராத்திரியில் வீச்சு வலை போட்டு இறாலை அள்ளிப் போய்விடுகிறார்கள். காவல் பையன் கையில் டார்ச்சும் கம்பும்தான். முறைப்படி லைசென்ஸ் எடுத்து ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று விசாரித்தபோது ராமநாதபுரத்தில் ஒரு கன்சல்டன்சியைச் சொன்னார்கள்.

ஆள் பண்ணைக்கே வந்தான். கரையில் உட்கார்ந்து டீ குடித்தான். ".32 போதுமா?" என்று கேட்டேன் (துப்பாக்கிக் குழலின் அளவை வைத்துச் சொல்லும் ரகம் அது, 9 எம்எம்மும் அப்படித்தான்). "அதெல்லாம் பழசுண்ணே, 9 எம்எம் வாங்கித் தர்றேன்" என்றான். பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து யாருடைய லைசென்ஸ் நகலையோ காட்டினான். போட்டோவில் பாதி முகத்தை மறைத்து வட்ட முத்திரை. அதைப் பார்த்துத்தான் பணம் கைமாறியது. லைசென்ஸுக்கும் துப்பாக்கி புக்கிங்குக்கும் சேர்த்து 85,000. ரசீது கேட்டால் வெள்ளைத்தாளில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று எழுதிக் கொடுத்தான்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. "ஃபைல் மேலே போயிருக்குண்ணே." "சர்வர் வேலை செய்யலை." நேரில் போனால், சார் மதுரைக்குப் போயிருக்கிறாராம். விடாமல் கேட்டதும், "ஆலோசனை குடுத்தாச்சுல்ல, கட்டணம் திரும்ப வராது." என்னய்யா ஆலோசனை, 85,000 ரூபாய்க்கு?

ராணுவத்தில் இருந்த என் மச்சான் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். 9 எம்எம் தடை செய்யப்பட்ட ரகமாம். மாவட்ட அளவில் அதற்கு லைசென்ஸே கிடையாது, டெல்லி உள்துறை வரை போகவேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு .32 தான், கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வர் மாதிரி. அதுவும் விண்ணப்பம், போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான். லைசென்ஸில் எழுதிய ரகத்துக்குத்தான் கடையில் தோட்டா தருவார்கள். இதில் ஒன்றைக்கூட அந்த மகராசன் வாய் திறந்து சொல்லவில்லை.

இத்தனைக்கும் பிறகு, "வேணும்னா லைசென்ஸ் இல்லாமலே ஒண்ணு பார்த்துத் தர்றேன்" என்கிறான்! ஆயுதச் சட்டம் 25ஆம் பிரிவில் குறைந்தது 2 வருஷம் உள்ளே போகவேண்டியது நான்தானே?

விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். லைசென்ஸ் வருமுன் துப்பாக்கிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். 9 எம்எம் என்று எவனாவது வாயெடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மற்றதை அப்புறம் எழுதுகிறேன், ஸ்டேஷனில் புகார் கொடுக்கக் கிளம்புகிறேன். 85,000 சும்மா விடுகிற காசில்லை.