மூடுபனிக்கு முன்னால் ஓர் அங்குலச் சிப்பாய்: கிம்ப் 3.0

வண்ணம் தீட்டிய 1/72 அளவுப் (நிஜ ஆளின் 72இல் ஒரு பங்கு) பொம்மைச் சிப்பாய்களின் படத்துக்கு உண்மையான மலைப் பின்னணி சேர்க்க, 2025 மார்ச்சில் வெளிவந்த கிம்ப் 3.0 என்ற படத்திருத்த மென்பொருள் தாராளமாகப் போதும். காசு இல்லை; இணையமும் தேவையில்லை. முந்தைய 2.10இல் பின்னணியை மங்கலாக்கினால் ஆக்கியதுதான். இப்போது மங்கலாக்கும் காஸியன் பிளர், ஒளி-இருளைத் திருத்தும் கர்வ்ஸ் எல்லாம் லேயரோடு (படத்தின் தனி அடுக்கோடு) தனியாக ஒட்டி நிற்கின்றன. சிப்பாய்களை வைத்துப் பார்த்துவிட்டு மங்கலைக் கூட்டலாம், குறைக்கலாம். இந்த வேலையில் அதைப் பத்து தடவையாவது செய்ய வேண்டிவரும். 'மெர்ஜ் ஃபில்டர்' பெட்டியில் சரிக்குறி இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். இருந்தால் இந்த வசதி போய்விடும்.

ஆளை வெட்டி எடுக்கும் ஃபோர்கிரவுண்ட் செலக்ட் அவ்வளவு நம்பகமில்லை. தொப்பி, தோள், முதுகுப்பை வரை பிடிக்கும், பயனெட்டில் (துப்பாக்கி முனைக் கத்தியில்) தடுமாறும். ஒரு வரிசையைச் சேர்த்து எடுத்த படத்தில் பயனெட் சில பிக்சல் தடிப்புத்தான், அதிலும் பாதி பின்னணியோடு கலந்திருக்கும். அதற்குப் பாத்ஸ் கருவியால் புள்ளி வைத்துக் கோடு இழுப்பதே வழி. பிறகு செலக்‌ஷனை 1 பிக்சல் ஷ்ரிங்க் செய்து (உள்ளே சுருக்கி), எதையும் அழிக்காமல், வேண்டாத பகுதியை மறைக்க மட்டும் செய்யும் லேயர் மாஸ்க் ஆக்குங்கள். வெள்ளைத் தாளில் எடுத்தால் ஓரமெல்லாம் வெள்ளைக் கீற்று நிற்கும். பச்சைத் தாள் அதைவிட மோசம்: வெள்ளி பூசிய வாளிலும் பொத்தானிலும் பச்சை ஏறிவிடும், பிறகு போக்குவது பெரும்பாடு. சாம்பல் அட்டைதான் சரி.

பெரும்பாலான படங்கள் ஒட்டுவேலை என்று காட்டிக்கொடுப்பது தொடுவானத்தில். நின்றபடி எடுத்த பின்னணியில் தொடுவானம் நம் கண் மட்டத்தில் இருக்கும். சமதரையில் நிற்கும் சிப்பாய் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அந்தக் கோடு அவன் கண்ணருகே போக வேண்டும். அதனால் லென்ஸும் மேசைக்கு மேல் சுமார் 22 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும்: 1.6 மீட்டரை 72ஆல் வகுத்த கணக்கு. போனைத் தலைகீழாக மேசையில் ஊன்றினால் லென்ஸ் ஏறக்குறைய அங்கே வந்துவிடும். இலங்கை மலையகத்தில் தொடுவானத்தை மலை மறைத்துவிடுவதுதான் தொல்லை. மலை முகட்டையே தொடுவானமாக எடுத்தால் சிப்பாய்கள் இராட்சதர் ஆகிவிடுவார்கள். பின்னணி எடுக்கும்போது உங்கள் உயரமுள்ள ஒருவரைச் சமதரையில் நிறுத்தி இன்னொரு படமும் எடுங்கள். அவர் கண் மட்டம்தான் உங்களுக்கு வேண்டிய கோடு.

நுவரெலியா மூடுபனியில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வரும். மேசை விளக்கில் எடுத்த சிப்பாய் அங்கே ஒட்டவே மாட்டான். ஜன்னலோரம் டிரேசிங் பேப்பர் மறைப்பில் எடுங்கள். கர்வ்ஸில் கறுப்பு முனையை 0இலிருந்து 15, பின்வரிசைக்கு 25 வரை உயர்த்துங்கள். பனிக்குள் முழுக் கறுப்பு கிடையாது. பாதத்தடியில், கீழுள்ள படத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில் நீலம் கலந்த சாம்பல் நிழல், 40 சதவீதம். அது இல்லாவிட்டால் ஆள் மிதப்பான்.

பின்னணித் தேர்விலும் கவனம் வேண்டும். 1803 கண்டிப் போரின் செஞ்சட்டை பிரிட்டிஷ் சிப்பாய்களைத் தயவுசெய்து தேயிலைச் செடிகளுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். மகாவலி ஆற்றங்கரை, நக்கிள்ஸ் மலைப் புல்வெளி இரண்டும் பொருந்தும். மின்கம்பியும் யூகலிப்டஸ் மரமும் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேயிலைதான் வேண்டுமென்றால், 1900இல் தொடங்கிய சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் படையின் வீரர்களுக்கு அது கச்சிதம்.

முன்வரிசை, பின்வரிசை இரண்டையும் கூர்மையாக்க, ஃபோகஸ் மாற்றி எடுத்த பல படங்களைத் தானாக இணைக்கும் கருவி கிம்ப்பில் இல்லை. ஹியூகின் என்ற இன்னொரு இலவச மென்பொருளோடு வரும் கருவிகளால் இணைத்துவிட்டு இங்கே கொண்டுவர வேண்டும். வேலை நடக்கும்போது கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் (XCF) கோப்பாகவே சேமியுங்கள். ஜேபெக் மட்டும் எடுத்துவிட்டு மூடினால் மாஸ்க், ஃபில்டர் எதுவும் மிஞ்சாது.