தேவதாரு கேட்டால் "எது?" என்று கேட்கும் கடை

அந்துருண்டை வாசனை எனக்குத் தலைவலி. புடவைப் பெட்டியில் தேவதாருக் கட்டை வைக்கலாம் என்று வேலூர் லாங் பஜாருக்குப் போனேன். முதல் நாட்டு மருந்துக் கடையில், கேட்ட வாய் மூடுவதற்குள் பொட்டலம் கட்டிவிட்டார்கள். வீட்டில் பிரித்தால் செம்பழுப்புக் கட்டை. மணம் உண்டு, ஆனால் சிம்லாவில் ஜாக்கு கோயிலுக்கு ஏறும்போது, மழை விட்ட தேவதாருக் காட்டில் முகர்ந்த மணம் அதில் இல்லை.

அடுத்த வாரம் அதே தெருவில் எட்டடி அகலக் கடை ஒன்றுக்குப் போனேன். "எது வேண்டும் அம்மா, நம் பக்கத்துத் தேவதாரமா, இமயமலைத் தேவதாருவா?" என்றார் கல்லாவில் இருந்த பெரியவர். பழைய பொட்டலத்தை நீட்டினேன். முகர்ந்துவிட்டு, "இது செம்புளிச்சான்" என்றார். நம் வறண்ட காடுகளில் வளரும் சிறு மரம். அதையும் தேவதாரம் என்பது ஊர் வழக்கம்தான். முதல் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இமயமலைத் தேவதாருவோ ஊசியிலை மரம். 1,500 மீட்டருக்கு மேல் பனியிலும் பச்சை மாறாமல், சரிவு மண்ணை வேரால் பிடித்து நிற்பது. கட்டையில் ஊறிய எண்ணெய்தான் பூச்சியையும் உளுப்பையும் தடுக்கிறது. காஷ்மீரில் படகு வீடுகளே அதில் கட்டியவைதான். உத்தரகாண்டில் உள்ள ஜாகேசுவரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு கோயில்கள் அந்த மரங்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன. இதெல்லாம் நினைவுக்கு வர, "வெட்டிய மரமா, விழுந்த மரமா?" என்று கேட்டேன். "டெல்லி மொத்த வியாபாரியிடமிருந்து வருகிறது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்றார். மழுப்பாத பதில். ஆனாலும் கால் கிலோ வாங்கப் போனவள் 100 கிராமோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்று மாதமாயிற்று, புடவைகளில் புதிய பூச்சி ஓட்டை இல்லை. புடவைகளை முதலில் வெயில் காட்டியதற்கும் அதில் பங்கு இருக்கும். மணம் மங்கினால் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் திரும்புகிறது.

குறையும் உண்டு. பொட்டலத்தில் கால்வாசி தூள். கட்டையைத் துணியில் முடிந்து வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை; அரக்குப் புடவையின் முந்தானையில் எண்ணெய்க் கறை பட்ட பிறகுதான் தெரிந்தது. திரும்பப் போய்ச் சொன்னேன். பெரியவர் சிரித்துக்கொண்டே சீயக்காய்ப் பொட்டலம் ஒன்றை நீட்டி, அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.