லீ புரோ 4-20: ஈயக் குண்டு வார்க்க ஒரு மின்பானை

அமெரிக்காவில் தம் துப்பாக்கிக்கான தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்பவர்களில் சிலர், அவற்றின் முனையில் அமரும் ஈயக் குண்டையும் வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறார்கள். டெக்சாஸில் என் வீட்டுக் கார் கொட்டகையில் நானும் அதைச் செய்துவருகிறேன். விஸ்கான்சினிலுள்ள லீ பிரசிஷன் நிறுவனத்தின் புரோ 4-20 என்ற மின்பானையே இப்போது என்னிடம் இருப்பது.

பெயரிலுள்ள 4 என்பது ஊற்றுமூக்கின் கீழே குண்டு வார்க்கும் அச்சை நுழைக்க விடப்பட்டிருக்கும் அங்குல இடைவெளி. 20 என்பது பவுண்டுக் கணக்கில் கொள்ளளவு. அதாவது ஏறத்தாழ 9 கிலோ. ஆனால் ஈயத்தின் அடர்த்தி காரணமாக அது 800 மில்லிலிட்டரில் அடங்கிவிடுவதால், பானையை முதன்முதலாகப் பார்ப்பவர் ஏமாற்றமே அடைவார். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெய்ன்; 158 கிரெய்ன் எடையுள்ள, .38 வகைத் துப்பாக்கிக்கான குண்டு ஒரு பவுண்டுக்கு 44 கிடைக்கும். பானை நிறைய இருந்தால் 880 தேறும். ஒரு மாலையில் 300 வார்ப்பதற்குள் என் கை ஓய்ந்துவிடுகிறது என்றாலும், பெரிய பானையையே பரிந்துரைப்பேன். அச்சின் மேலே வெட்டியெடுத்த மிச்ச ஈயத்தை மறுபடி உள்ளே போடும்போது, சிறிய பானையின் வெப்பம் சட்டென்று இறங்கிவிடும்; இதில் அந்தத் தொல்லை குறைவு.

வெப்பமே இந்த வேலையின் உயிர்நாடி. தூய ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகினாலும், வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த உலோகத்தை நான் 370 முதல் 400 டிகிரிக்குள் வைத்துத்தான் ஊற்றுகிறேன். குறைந்தால் குண்டின் மேனி சுருங்கி மடிப்பு மடிப்பாக வரும். மிகுந்தால் பனி படர்ந்ததுபோல் மங்கிவிடும். பானையின் திருகில் இருப்பவை வெறும் எண்களே, டிகிரி அல்ல என்பதால் தனியாக ஒரு வெப்பமானி கட்டாயம் வேண்டும். 25 பவுண்டு கொள்ளும் லைமன் மேக் 25, ஆர்சிபிஎஸ் புரோ-மெல்ட் 2 ஆகிய வேறு நிறுவனப் பானைகள் வெப்பநிலையை எண்ணாகவே காட்டி, தாமே சீராக்கிக்கொள்கின்றன. விலையோ பல மடங்கு. வாரந்தோறும் வார்ப்பவருக்கு அது தகும், எனக்குத் தகாது.

கரண்டியால் மொண்டு ஊற்றும் பானையா, அடித்துளை வழியே ஊற்றும் பானையா என்ற கேள்விக்கு என் தவறே விடை சொல்லும். புரோ 4-20 அடித்துளை வகை: கைப்பிடியைத் தூக்கினால் அடைப்புக் கம்பி மேலெழும்பி ஈயம் நேரே அச்சுக்குள் இறங்கும், மேலே மிதக்கும் கசடு அதனுடன் வராது. இந்த வசதியில் மயங்கி, கார்ச் சக்கரத்தைச் சமன்படுத்தப் பொருத்தியிருந்து கழற்றிய ஈய எடைக்கட்டிகளை மண்ணும் துருவுமாக இதிலேயே கொட்டி உருக்கினேன். துகள் துளையில் சிக்கிக்கொண்டு, கம்பி சரியாக அமராமல், அன்று முழுவதும் சொட்டுச் சொட்டாக ஒழுகி, மேசைமேல் வைத்திருந்த தகரத் தட்டில் வெள்ளிக் காசுகளாய் உறைந்து கிடந்தது. பழைய உலோகத்தை வேறொரு இரும்புச் சட்டியில் உருக்கி, மெழுகு போட்டுக் கலக்கி, கசடு நீக்கிக் கட்டியாக்கிய பிறகே இந்தப் பானைக்குள் விட வேண்டும். இக்காலச் சக்கர எடைகளில் துத்தநாகமும் கலந்து வருகிறது. அது 419 டிகிரியில்தான் உருகும் என்பதால், சூட்டை அதற்கு வெகு கீழே வைத்தால் உருகாமல் மிதக்கும், அகப்பையால் அள்ளி எறிந்துவிடலாம்.

நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். இந்தப் பானையில் உருகுவது காரீயம், உடலுக்கு நஞ்சு. ஈயம் புழங்கிய பானை, கரண்டி எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. ஈய ஆவியைவிடக் கசட்டுத் தூசியே பெரிய அபாயம் என்பதால் காற்றோட்டமான இடமும், வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுவதும், உடையை மாற்றுவதும் வேண்டும். உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி நீர் சிக்கினாலும் நீராவி வெடித்து ஈயத்தை வாரி இறைக்கும். ஆகவே அடுத்துப் போடவிருக்கும் கட்டிகளைப் பானையின் விளிம்பிலேயே சற்று நேரம் வைத்து, ஈரம் போகச் சுடவைத்த பின்பே உள்ளே இறக்குகிறேன்.